பாட்டுக் கேட்க வரும் பேய்கள்; காதை இழந்த பாடகர்: 60 ஆண்டுகள் கடந்தும் மிரட்டும் ஜப்பான் படம் ‘க்வைடான்’ சொல்வது என்ன?

பேய்ப் படம்னா கதவு படார்னு சாத்தணும், யாராவது அலறணும், முகத்துக்கு நேரா ஒரு உருவம் பாயணும். 1964-ல் வெளியான ஜப்பானியப் படமான ‘க்வைடான்’ அந்த வழியில் போவதே இல்லை. அதில் வரும் கடற்கரைப் பேய்கள் ராஜசபை போல வரிசையாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கின்றன. கேட்டுக்கொண்டே அழுகின்றன. அவை கேட்கும் பாட்டு, தாங்களே செத்துப்போன கதை.

ஆனாலும் பார்ப்பவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஏன்? இந்தப் பேய்கள் யாரோ ஒரு திரைக்கதை ஆசிரியரின் கற்பனை இல்லை என்பது ஒரு காரணம். சுமார் 840 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றும் வரைபடத்தில் இருக்கும் ஒரு ஜலசந்தியில் மூழ்கிச் செத்த நிஜ மனிதர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் 6 வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன்தான் அப்போது ஜப்பானின் பேரரசர்.

‘க்வைடான்’ என்ன மாதிரியான படம்?

‘க்வைடான்’ என்றால் ஜப்பானிய மொழியில் விசித்திரக் கதை, அமானுஷ்யக் கதை என்று பொருள். இயக்கியவர் மசாகி கோபயாஷி. ஒரே கதை இல்லை, தனித்தனியான நான்கு கதைகள். மனைவியைக் கைவிட்டுப் போன சாமுராய், பனியில் வரும் பெண், காதில்லாத ஹோய்ச்சி, தேநீர்க் கிண்ணத்தில் தெரியும் முகம். மொத்தம் 3 மணி நேரம் 3 நிமிடம்.

நான்கில் மிக நீளமானது மூன்றாவது கதையான ‘காதில்லாத ஹோய்ச்சி’. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்தப் பகுதியே தனிப் படம் மாதிரிதான். கடல், போர், கோயில், கல்லறை எல்லாம் இதில்தான் வருகின்றன.

யார் இந்த ஹோய்ச்சி?

ஹோய்ச்சி பார்வையற்ற இளைஞர். கடலோரத்தில் உள்ள அமிடாஜி என்ற பௌத்தக் கோயிலில் தங்கியிருப்பவர். ‘பிவா’ வாசிப்பதில் கெட்டிக்காரர். பிவா என்பது பேரிக்காயைப் பாதியாக வெட்டியது போன்ற வடிவத்தில் இருக்கும் நரம்பு வாத்தியம். விரலால் அல்ல, அகலமான தகடு ஒன்றால் அதை மீட்டுவார்கள்.

ஒரு நாள் இரவு, தலைமைக் குரு வெளியே போயிருக்கும் நேரத்தில், கவச உடை உரசும் சத்தத்தோடு ஒரு வீரன் வந்து ஹோய்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்கிறான். “எங்கள் பிரபு இந்த ஊருக்கு வந்திருக்கிறார். டான்-நோ-உரா போரை நீ பாடுவதைக் கேட்க விரும்புகிறார்” என்கிறான். கை பிடித்துக் கூட்டிப்போகிறான். பெரிய கதவு திறக்கிறது, உள்ளே பெரிய சபை. ஹோய்ச்சி பாடுகிறார், சபையே விம்முகிறது. மறுபடியும் வரச் சொல்கிறார்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்றும் சொல்லி அனுப்புகிறார்கள்.

ராத்திரி ராத்திரி ஆள் எங்கே போகிறார்னு சந்தேகப்பட்டு, கோயில் வேலைக்காரர்கள் பின்தொடர்கிறார்கள். அங்கே அரண்மனையும் இல்லை, சபையும் இல்லை. கொட்டும் மழையில், போரில் மூழ்கிய தைரா குலத்தின் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஹோய்ச்சி பாடிக்கொண்டிருக்கிறார்.

இனியும் போனால் உயிர் தப்பாது என்று குரு சொல்கிறார். ஹோய்ச்சியின் உடம்பு முழுக்க பௌத்தத்தின் ‘இருதய சூத்திரம்’ எழுதப்படுகிறது. எழுத்து இருக்கும் இடம் பேயின் கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, அசையக் கூடாது என்பது கட்டளை.

வீரன் வருகிறான். ஹோய்ச்சியைக் காணோம். பிவா மட்டும் இருக்கிறது, பக்கத்தில் அந்தரத்தில் இரண்டு காதுகள். எழுதும்போது காதை மட்டும் மறந்துவிட்டார்கள்! பிரபு சொன்ன வேலையை முடிந்தவரை செய்ததற்கு அடையாளமாக, வீரன் அந்த இரண்டு காதுகளையும் பிய்த்துக்கொண்டு போகிறான். ஹோய்ச்சி சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கடலில் 1185-ல் நடந்தது என்ன?

12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் இரண்டு போர்க்குலங்கள் அதிகாரத்துக்காக மோதின. ஒன்று தைரா, இன்னொன்று மினமோட்டோ. தைரா குலத்துக்கு ‘ஹெய்க்கே’ என்றும் பெயர் உண்டு. கியோட்டோ அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த தைராக்கள், தங்கள் குலத்துப் பெண்ணுக்குப் பிறந்த அண்டோகுவைக் குழந்தையாக இருக்கும்போதே பேரரசர் ஆக்கினார்கள்.

1180-ல் போர் வெடித்தது. தோல்விமேல் தோல்வி. தலைநகரை விட்டுவிட்டு, குழந்தைப் பேரரசரையும் தூக்கிக்கொண்டு தைராக்கள் மேற்கு நோக்கி ஓடினார்கள். கடைசியில் ஓட இடமில்லாமல் நின்ற இடம்தான் டான்-நோ-உரா. இன்றைய ஷிமோனோசெகி நகரத்தை ஒட்டிய கன்மோன் ஜலசந்தி. ஹோன்ஷு, கியூஷு ஆகிய இரண்டு பெரிய தீவுகளைப் பிரிக்கும் இந்த நீர்வழியின் மிகக் குறுகலான இடம் சுமார் 650 மீட்டர் அகலம்தான். இங்கே நீரோட்டம் ஒரு நாளில் நான்கு முறை திசை மாறும், வேகமும் மிக அதிகம்.

1185 ஏப்ரல் 25 அன்று இரு தரப்புப் படகுகளும் இங்கே மோதின. ஒரே நாளில் கதை முடிந்தது. பிடிபட்டு அவமானப்படுவதைவிடச் சாவதே மேல் என்று தைராக்கள் கடலில் குதித்தார்கள். பேரரசரின் பாட்டி, அலைகளுக்குக் கீழேயும் ஒரு தலைநகரம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லி, பேரனைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்ததாக ‘ஹெய்க்கே காவியம்’ சொல்கிறது. அரச பரம்பரைச் சின்னங்களில் ஒன்றான வாளும் அவர்களோடு மூழ்கியது.

பேரரசரின் தாயும் குதித்தார். ஆனால் எதிரிப் படையினர் அவரை நீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். மகனையும் தாயையும் ஒரே நேரத்தில் பறிகொடுத்த அவர், கியோட்டோவுக்கு வெளியே ஓஹாரா என்ற இடத்தில் துறவியாக மீதிக் காலத்தைக் கழித்தார்.

பேய்கள் ஏன் தங்கள் சாவையே பாடச் சொல்கின்றன?

இதைப் புரிந்துகொள்ள ஜப்பானியர்களின் ஒரு பழைய நம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனக்குறையோடு, கோபத்தோடு, அகாலமாக இறந்தவர்களின் ஆவி அடங்காது. அதைச் சாந்தப்படுத்தாவிட்டால் நோய், புயல், விபத்து வரும் என்று நம்பினார்கள். விரட்டுவதைவிட ஆற்றுப்படுத்துவதே முக்கியம். அதற்குக் கோயில் கட்டினார்கள், பூஜை செய்தார்கள், அவர்களுடைய கதையைச் சொன்னார்கள்.

அந்தக் கதையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் பார்வையற்ற பிவா பாடகர்கள். ஊர் ஊராகப் போய் தைராக்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பாடினார்கள். இன்று அதிகம் படிக்கப்படும் ‘ஹெய்க்கே காவியம்’ 1371-ல் எழுத்தில் பதிவானது. அதுவும் ககுயிச்சி என்ற பார்வையற்ற பாடகர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதே. போரில் ஜெயித்தது மினமோட்டோ. ஆனால் ஜப்பானின் மிகப் பெரிய போர்க்காவியத்துக்குத் தோற்றவர்களின் பெயர்தான் வந்து நிலைத்திருக்கிறது.

அப்படிப் பார்த்தால் ஹோய்ச்சியைத் தேடிவரும் ஆவிகள் பழிவாங்க வரவில்லை. ‘எங்களுக்கு என்ன நடந்ததுன்னு ஒருத்தராவது சரியாச் சொல்லுங்க’ என்று கேட்க வருகிறார்கள். படத்தின் நிஜமான பயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்குச் செவிசாய்க்கும் உயிருள்ள மனிதரை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

காது மட்டும் ஏன் பறிபோகிறது?

இருதய சூத்திரம் மகாயான பௌத்தத்தின் மிகச் சிறிய, மிகப் பிரபலமான சூத்திரங்களில் ஒன்று. எந்த உருவத்துக்கும் நிலையான சாரம் கிடையாது, எல்லாம் வெறுமையே என்பது அதன் மையக் கருத்து. அந்த எழுத்தால் மூடப்பட்டவர் பேயின் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிவதும் அதனால்தான். சூத்திரம் இங்கே வெறும் மந்திரக் கவசம் அல்ல, அதன் அர்த்தமே வேலை செய்கிறது.

தவறு நடந்தது காதில். கண் தெரியாத ஒரு பாடகருக்கு உலகமே காது வழியாகத்தான் வருகிறது. அலைச் சத்தம், குருவின் குரல், பிவாவின் நாதம், கடைசியில் இறந்தவர்களின் அழைப்பு, எல்லாமே அந்த வழிதான். இறந்தவர்கள் உள்ளே வந்த வாசலை மூட மறந்துவிட்டார்கள் என்றும் இந்தக் காட்சியை வாசிக்கலாம்.

உயிர் பிழைத்த ஹோய்ச்சி வாசிப்பதை நிறுத்தவில்லை. உயிர் இருக்கும்வரை அந்த ஆவிகளின் ஆறுதலுக்காக வாசிப்பேன் என்று முடிவெடுக்கிறார். அவ்வளவு பெரிய விலை கொடுத்த பிறகும், கேட்க மறுப்பதைவிடக் கேட்பதே சரி என்று அவர் நினைப்பதாகப் படம் காட்டுகிறது.

கதையை எழுதியவர் ஜப்பானியரே இல்லையா?

பிறப்பால் இல்லை. படத்தின் கதைகள் லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளருடைய தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 1850-ல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர், அம்மா கிரேக்கர். அமெரிக்காவில் பத்திரிகையாளராக வேலை பார்த்துவிட்டு 1890-ல் ஜப்பான் போனார். அங்கேயே ஆசிரியராகி, கொய்சுமி செட்சு என்ற பெண்ணை மணந்து, கொய்சுமி யகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனாகவும் ஆனார்.

செட்சுதான் அவருக்குக் கதை சொன்னவர். பழைய கதைகளைத் தேடிப் படித்து, ராத்திரி விளக்கைக் குறைத்துவைத்து, புத்தகத்தைப் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்வார். ஹெர்ன் அதை ஆங்கிலத்தில் எழுதுவார். ‘க்வைடான்’ புத்தகம் 1904-ல் வெளியானது. அதே ஆண்டில் ஹெர்ன் இறந்தார்.

ஹோய்ச்சி கதை அவருக்கு உயிர். அதை எழுதிய நாட்களில் இருட்டிய பிறகும் அறையில் விளக்கேற்றாமல் இருப்பாராம். வெளியிலிருந்து செட்சு ‘ஹோய்ச்சி’ என்று கூப்பிட்டால், பார்வையற்ற பாடகராகவே மாறிப் பதில் சொல்வாராம். செட்சு தன் நினைவுக்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இன்னொரு விஷயம்: 16 வயதிலேயே ஹெர்னுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது.

போருக்குப் போன இயக்குநர்

கோபயாஷி இந்தக் கதையைக் கையில் எடுத்ததற்குப் பின்னால் அவருடைய வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். கல்லூரியில் ஆசியக் கலை படித்துவிட்டு 1941-ல் சினிமா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். போரை ஏற்காத அவர், எதிர்ப்பைக் காட்டப் பதவி உயர்வுகளை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். போர் முடிந்ததும் ஒகினாவாவில் போர்க்கைதியாக அடைக்கப்பட்டார்.

திரும்பி வந்தவர் எடுத்த படங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்வியையே சுற்றின. 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களாக வந்த ‘தி ஹியூமன் கண்டிஷன்’ மஞ்சூரியப் போரில் மனசாட்சியோடு வாழ முயலும் ஒருவனின் கதை. 1962-ல் வந்த ‘ஹரகிரி’ சாமுராய் கௌரவம் என்ற பொய்யைத் தோலுரித்தது.

‘க்வைடான்’ வெளியானது 1964 டிசம்பர் இறுதியில். அதே ஆண்டு அக்டோபரில்தான் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது, முதல் புல்லட் ரயிலும் ஓடத் தொடங்கியது. தோல்வியை மறந்து முன்னே பார்க்கலாம் என்று நாடு கொண்டாடிய நேரம். அப்போது வந்த படத்தில், தோற்றுக் கடலில் மூழ்கியவர்கள் எழுந்து வந்து ‘எங்கள் கதையைப் பாடு’ என்கிறார்கள். போரில் பிழைத்து வந்த ஒரு சிப்பாய் அதை எடுத்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பது கஷ்டம்.

கடலையே செட் போட்டார்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். கியோட்டோ அருகே பயன்பாட்டில் இல்லாத பிரமாண்டமான விமானக் கொட்டகை ஒன்றில்தான் படத்துக்கான பெரிய செட்டுகள் போடப்பட்டன. வானத்தைக்கூட திரைச்சீலையில் கையால் வரைந்தார்கள். இது கோபயாஷியின் முதல் வண்ணப் படம். கடற்போரில் வானம் ரத்தச் சிவப்பாக எரிகிறது, படகுகள் மேடை நாடகம் போல நகர்கின்றன. நடுநடுவே போர்க்காட்சிகளைத் தீட்டிய ஓவியமும் வந்துபோகிறது. நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று படம் முயலவே இல்லை. ஒரு பாடகரின் மனத்திரையில் ஓடும் போர் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

சத்தமும் அப்படியே. இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு, மிரட்டல் இசையை நம்பவில்லை. போர்க்காட்சியில் வாள் மோதும் ஓசையைவிட பிவாவும் பாட்டுமே முன்னால் நிற்கின்றன. மற்ற இடங்களில் நீண்ட மௌனம், அதை உடைக்கும் ஒற்றை ஒலி. பிவா வாசித்தவர் கின்ஷி சுருடா என்ற பெண் கலைஞர். இதற்குப் பிறகு டகெமிட்சு 1967-ல் உருவாக்கி நியூயார்க்கில் அரங்கேறிய ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ என்ற புகழ்பெற்ற படைப்பிலும் அவரே வாசித்தார்.

நடிகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹோய்ச்சியாக வருபவர் கட்சுவோ நகமுரா. தலைமைக் குருவாக வருபவர் ‘செவன் சாமுராய்’ படத்தில் சாமுராய்களின் தலைவராக நடித்த தகாஷி ஷிமுரா. அழைக்க வரும் ஆவி வீரனாக டெட்சுரோ டம்பா.

படம் ஓடியதா?

விருது கிடைத்தது, பணம் திரும்பவில்லை. 1965 கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை என உலகம் கவனித்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானில் மிக அதிகச் செலவில் எடுக்கப்பட்ட படங்களில் இதுவும் ஒன்று. தயாரித்த ‘நிஞ்சின் கிளப்’ நிறுவனம் திவாலானது. பெரிய ஸ்டூடியோக்களின் பிடியிலிருந்து விலகி, மூன்று நடிகைகள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அவர்களில் ஒருவரான கெய்கோ கிஷிதான் இதே படத்தில் பனிப் பெண்ணாக நடித்திருப்பவர்.

வெளிநாடுகளில் படத்தின் நீளம் பிரச்சினையானது. அமெரிக்காவில் பனிப் பெண் கதையையே தூக்கிவிட்டுத் திரையிட்டார்கள். முழு நீளப் பதிப்பு மீட்டெடுக்கப்பட்டு உலக ரசிகர்களுக்குப் பரவலாகக் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது.

நண்டு முதுகில் சாமுராய் முகம்: உண்மையா?

டான்-நோ-உரா பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இந்தக் கடல் பகுதியில் ‘ஹெய்க்கே நண்டு’ என்ற சின்ன நண்டு இருக்கிறது. ஓட்டைப் பார்த்தால் கோபமான மனித முகம் மாதிரியே இருக்கும். மூழ்கிய தைரா வீரர்களின் ஆவிதான் இது என்பது மீனவர்களிடையே வழங்கிவந்த கதை.

முகம் போல இருக்கும் நண்டுகளை மீனவர்கள் பயந்து திரும்பக் கடலிலேயே விட்டதால், அந்த வகை மட்டும் பெருகியது என்று 1952-ல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி எழுதினார். 1980-ல் ‘காஸ்மோஸ்’ தொலைக்காட்சித் தொடரில் கார்ல் சேகன் இதைச் சொன்னதும் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் 1993-ல் நண்டு ஆய்வாளர் ஜோயல் மார்ட்டின் இதை மறுத்தார். இந்த நண்டு மிகவும் சிறியது, யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீனவர்கள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். ஓட்டில் தெரியும் பள்ளமும் மேடும் உள்ளே தசைகள் ஒட்டியிருக்கும் இடங்கள். வேறு கடல்களில் வாழும் உறவு இனங்களுக்கும் இதே மாதிரி ‘முகம்’ இருக்கிறது. அதாவது, நண்டில் முகம் இருப்பதற்குக் காரணம் தைராக்கள் இல்லை. அந்த முகத்தில் தைராக்களைப் பார்ப்பதற்குக் காரணம், அவர்களை மறக்காத மனிதர்கள்.

அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது?

கதையில் வரும் அமிடாஜி கோயில், மெய்ஜி காலத்தில் பௌத்தத்தையும் ஷிண்டோவையும் அரசு பிரித்தபோது ஷிண்டோ ஆலயமாக மாறியது. இன்றைய பெயர் அகாமா ஜிங்கு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் எரிந்துபோய், பிறகு மீண்டும் கட்டப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் அதன் நுழைவாயில், கடலுக்கடியில் இருப்பதாகச் சொல்லப்படும் நாகராஜன் அரண்மனையின் சாயலில் அமைந்தது. பாட்டி பேரனுக்குச் சொன்ன அந்த நீரடித் தலைநகரத்தின் நினைவு அது. ஒவ்வோர் ஆண்டும் மே 2 முதல் 4 வரை சிறுவன் பேரரசருக்கான நினைவு விழா இங்கே நடக்கிறது.

எதிரே அதே ஜலசந்தியில் இப்போது சரக்குக் கப்பல்கள் போகின்றன. மேலே 1973-ல் திறந்த தொங்கு பாலம். கடலுக்கடியில் சுமார் 780 மீட்டர் நீளத்துக்கு நடந்தே கடக்கும் சுரங்கப்பாதையும் உண்டு.

ஆலய வளாகத்தில் தைரா குலத்தின் நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம். உள்ளே மடியில் பிவாவோடு ஹோய்ச்சி சிலையாக உட்கார்ந்திருக்கிறார்.